மரநிழலில் வளரும் புல்லும் கோரையும்

வீட்டைச் சுற்றிப் பசும்புல் தரை அமைத்து, நாள்தோறும் நீர் தெளித்து, பருவத்துக்கு உரமிட்டு, வாரந்தோறும் கத்தரித்து எவ்வளவு அருமையாகப் பேணிவந்தாலும், மரத்தடியில் மட்டும் அப்புல் நாளடைவில் மெலிந்து, இடையிடையே மண் தெரியத் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளில் முற்றும் மறைந்துபோவதைத் தோட்டக்கலையில் ஈடுபட்ட எவரும் கண்டிருப்பர். மறுபடி விதைத்தால் மறுபடியும் அதே கதிதான். இதில் சலிப்புற்றவர்களுள் சிலர் மரத்தின் கிளைகளைக் கழிக்கிறார்கள். சிலர் மரத்தையே வீழ்த்திவிடுகிறார்கள். மற்றையோர், நிழலில் புல் முளைக்காது என்று தீர்மானித்து, அவ்விடத்தைச் சிமெண்டுத் தளமாக்கி நிம்மதி அடைகிறார்கள். எனினும், அடர்ந்த கானகத்துள் ஒருமுறை புகுந்து பார்த்தவர்களுக்கு இத்தீர்மானம் எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும். அங்கே விருட்சங்களின் அடியில், சூரியனின் முகத்தையே முழுமையாகக் கண்டறியாத புல்லினங்களும் கோரையினங்களும் தலைமுறை தலைமுறையாகத் தழைத்து வருகின்றன. ஆகவே, நிழலில் வளரும் புல் உண்டா என்பதைவிட, எந்தப் புல் அங்கே வளரும், ஏன் வளரும், அதன் சுபாவத்துக்கு ஏற்றபடி நாம் நடந்துகொள்வது எங்ஙனம் என்று கேட்பதே பொருத்தமாகும்.

நிழல் என்று நாம் பொதுவாகச் சொல்வது, ஒளி குறைந்த நிலையை மட்டும் குறிப்பதாக எண்ணிவிடுகிறோம். தாவரத்துக்கோ அது மூவகை மாற்றங்கள் ஒருங்கே கூடிய ஒரு தனி உலகம். முதலாவது, ஒளியின் அளவு குறைகிறது. மேகமற்ற நண்பகலில் வெட்டவெளியில் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கோ இரு பங்கோதான் அடர்ந்த காட்டின் தரையை எட்டுகிறது. இரண்டாவது, ஒளியின் தன்மை மாறுகிறது. மேலேயுள்ள இலைகள் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் செந்நிற, நீலநிறக் கிரணங்களைப் பெரும்பாலும் கவர்ந்துகொண்டு, மனிதர் கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாத தொலைச்சிவப்புக் கிரணங்களைக் கீழே விட்டுவிடுகின்றன. வெட்டவெளியில் செந்நிற ஒளியும் தொலைச்சிவப்பு ஒளியும் ஏறக்குறைய சமமாக இருக்க, அடர்ந்த இலைக்கூரையின் கீழ்ச் செந்நிற ஒளி தொலைச்சிவப்பில் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடுவது உண்டு. மூன்றாவது, ஒளி வந்துசேரும் முறையே வேறுபடுகிறது. காற்றில் கிளைகள் அசையும்போது இலை இடுக்குகளின் வழியே சில விநாடிகளோ சில நிமிஷங்களோ தரையில் விழுந்து நகரும் ஒளிப்பொட்டுகளே, காட்டின் அடித்தளத்துத் தாவரங்கள் ஒரு நாளில் பெறும் மொத்த ஒளியில் பல இடங்களில் பாதிக்கும் மேற்பட்ட பங்காக அமைகின்றன.

இவற்றுள் இரண்டாவதாகக் கூறிய மாற்றத்தைத் தாவரங்கள் உணர்ந்துகொள்கின்றன என்பது விஞ்ஞானத்தின் சுவையான கண்டுபிடிப்புகளில் ஒன்று. அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாகாணத்தில் பெல்ட்ஸ்வில் என்னுமிடத்திலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 1952-இல் லெட்டூஸ் கீரை விதைகளைக் கொண்டு ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். செந்நிற ஒளி பட்டால் முளைக்கும் விதைகள், அதன்பின் தொலைச்சிவப்பு ஒளி பட்டால் முளைக்காமல் நின்றுவிட்டன. மறுபடி செந்நிற ஒளி காட்டினால் மறுபடி முளைத்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகப் பட்ட ஒளியே முடிவைத் தீர்மானித்தது. இதற்குக் காரணமான நிறமிப் பொருளைப் ‘பைட்டோகுரோம்’ என்று அழைக்கிறார்கள். வெயிலை நாடும் புல்லொன்று மரத்தடியில் அகப்பட்டுக்கொண்டால், இந்நிறமியின் வாயிலாகத் தன் தலைமேல் வேறு இலைகள் உள்ளன என்று அறிந்து, அவற்றைத் தாண்டி எழுந்துவிடும் நோக்கத்துடன் கிளைப்பதை நிறுத்தி, நெடுநெடுவென்று நீளத் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்பது மற்றொரு புல்லாயின் இவ்வுபாயம் பலிக்கக்கூடும். நிற்பது மாமரமாயின், எத்தனை நீண்டாலும் அதன் உச்சியை எட்டப்போவதில்லை. கையிருப்பையெல்லாம் தண்டுக்குச் செலவிட்டு, வேர் வலுவற்று, இலை வெளுத்து அப்புல் மடிகிறது. நிழலுக்கென்றே அமைந்த தாவரங்களோ பெரும்பாலும் இந்த ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொள்வதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, கிடைத்ததைக் கொண்டு வாழக் கற்றவை அவை.

அவ்வாறு வாழ்வதன் சூட்சுமம் யாது? ஒரு குடும்பத்தின் வரவு செலவை எடுத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் வந்து ஆயிரத்திருநூறு செலவிடும் வீடு கடனில் மூழ்குகிறது. நூறே வந்தாலும் தொண்ணூறில் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட வீடு நிமிர்ந்து நிற்கிறது. இலையின் கணக்கும் இதுவே. ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை சேர்வது வரவு. உயிரணுக்கள் இரவும் பகலும் சுவாசிப்பதற்காக அச்சர்க்கரையை எரிப்பது செலவு. வரவும் செலவும் சரியாக நிற்கும் ஒளியளவைச் சமநிலைப் புள்ளி என்பர். வெட்டவெளியில் நண்பகலில் கிடைக்கும் ஒளியை, அறிவியலார் வழங்கும் அலகில், சுமார் 2,000 என்று கொண்டால், வெயில்நாடும் செடிகளின் இலைக்குச் சமநிலைப் புள்ளி 10 முதல் 20 வரையும், நிழல்நாடும் செடிகளின் இலைக்கு 1 முதல் 5 வரையும் அமைகின்றது. நிழல்நாடும் செடியின் இலை மெல்லியது. அதைக் கட்டுவதற்கு ஆகும் பொருள் சொற்பம். அதன் சுவாசம் மந்தமானது. ஒளியைப் பிடிப்பதற்கு உரிய பச்சையத்தைப் பரப்பி வைப்பதில் மட்டும் அது உலோபம் காட்டுவதில்லை. ஆதலால், நிழல்வாழ் தாவரத்தின் பெருமை அது ஈட்டும் திறத்தில் அடங்கியதன்று; செலவைக் குறைத்துக்கொண்ட சிக்கனத்தில் அடங்கியது. தோட்டக்காரர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் அனைத்தும் இந்த ஒரே உண்மையிலிருந்து கிளைப்பவை என்பது பின்னர்ப் புலனாகும்.

புல் என்றவுடன் திறந்த மேய்ச்சல் நிலமும் கொளுத்தும் வெயிலும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், புற்குடும்பத்தின் ஆதி இல்லம் வெட்டவெளி அன்று, காட்டு நிழலே என்பது தாவர சாஸ்திரிகளின் இன்றைய துணிபு. அக்குடும்பத்தின் வம்சாவளியில் மிகத் தொன்மையான கிளைகளைச் சேர்ந்தவையாக இன்று எஞ்சியிருக்கும் இனங்கள் அனைத்தும், மழைக்காடுகளின் அடித்தளத்தில் அகன்ற இலையோடு வாழ்பவை. பிரேஸில் நாட்டின் பாஹியா மாகாணத்தில் மட்டும் காணப்படும் அனோமோக்ளோவா என்னும் புல்லைக் காண்பவர்கள், அதை மரந்தா போன்ற ஓர் இலை அலங்காரச் செடியென்றே எண்ணுவார்கள். புல்லின் தொன்மைக்கு நம் நாடும் ஒரு சாட்சியம் அளித்துள்ளது. மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்னும் இடத்தில் கிடைத்த, கல்லாக இறுகிய டைனோசார் சாணத்தை லக்னோவிலுள்ள பீர்பால் சாஹனி நிறுவனத்தைச் சேர்ந்த வந்தனா பிரசாத் முதலியோர் ஆராய்ந்து, அதனுள் புல்லிலைகளில் மட்டுமே உருவாகும் நுண்ணிய மணற்சத்துத் துகள்களைக் கண்டு 2005-இல் வெளியிட்டார்கள். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பழங்காலத்தில், பரந்த புல்வெளிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, புல்லினம் இப்பாரத பூமியில் பலவாகக் கிளைத்திருந்தது என்பது அதனால் தெளிவாயிற்று.

அங்ஙனமாயின், நம் புல்தரைப் புற்கள் நிழலை வெறுப்பானேன்? காட்டைவிட்டு வெளியேறிய புற்களில் பல, பின்னாளில் ஒரு புதிய யந்திரத்தைத் தமக்குள் அமைத்துக்கொண்டதே காரணம். சாதாரணத் தாவரங்களில் கரியமிலவாயுவைப் பற்றிக்கொள்ளும் நொதி, வெப்பம் மிகுந்தால் தவறுதலாகப் பிராணவாயுவையும் பற்றி, செய்த வேலையில் ஒரு பகுதியை வீணாக்கிவிடுகிறது. கரும்பு, சோளம், அறுகு முதலியவையோ கரியமிலவாயுவை முதலில் நான்கு கரியணுக்கள் கொண்ட ஓர் அமிலமாக்கி, இலைநரம்பைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் செலுத்தி, அங்கே அதைச் செறிவித்து அந்நொதிக்கு அளிப்பதால் வீண்செலவு ஏற்படுவதில்லை. ஹவாய்த் தீவின் கரும்பாராய்ச்சியாளர்கள் முதலில் குறிப்புக் காட்டிய இவ்வழியை, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் 1966-இல் விளக்கினார்கள். ஆனால் அந்த யந்திரத்தை இயக்கக் கூடுதல் சக்தி வேண்டும். வெயிலில் சக்திக்குப் பஞ்சமில்லை. வெப்பம் தணிந்த நிழலிலோ அதுவே தாளமுடியாத செலவாகிறது. அறுகம்புல் மரத்தடியில் மெலிவதற்கும், கானக நிழலில் இந்த யந்திரமில்லாத பழைய வகைகளே மிகுந்திருப்பதற்கும் இது ஒரு முக்கிய காரணம். எனினும் இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. வெப்பமண்டலத்தில், வெம்மை குறையாத நிழலில், யந்திரம் உடைய புற்களுக்கும் நஷ்டம் அவ்வளவாக இல்லை. அகன்ற இலையுடன் படரும் ஆக்ஸோனோபஸ் என்னும் கம்பளப்புல் அவ்வகைப்பட்டதாயினும், தென்னந்தோப்பின் நிழலில் நன்றாகவே பரவுகிறது.

புல்லைக் காட்டிலும் நிழலுக்கு இணங்கிய ஒரு குலம் கோரைக் குடும்பத்தில் உள்ளது. பார்வைக்குப் புல்லாகவே தோன்றும் கோரையைப் பிரித்தறிவது கடினமன்று. தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால், புல்லின் தண்டு வழவழவென்று உருளும். அதன் கணுக்களுக்கு இடையே உள்ளே கூடாக இருக்கும். கோரையின் தண்டோ மூன்று விளிம்புகளுடன் விரலில் தட்டும். உள்ளே சோறு நிறைந்திருக்கும். மேலிருந்து நோக்கினால் புல்லின் இலைகள் இரண்டு வரிசையாகவும் கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் அமைந்திருப்பதைக் காணலாம். பத்தமடையில் பாய் நெய்வதற்குப் பயன்படும் கோரையும், உழவரை வாட்டும் களையான கிழங்குக் கோரையும் சைப்பெரஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அவை நம்மவர்க்கு நன்கு பழக்கமானவை. குளிர்ந்த நாடுகளின் காடுகளில் ஆட்சி செலுத்துவதோ கேரெக்ஸ் என்னும் இனம். சுமார் 2,000 வகைகள் கொண்ட இது, பூக்கும் தாவர இனங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. இதில் ஒரு வகையேனும் மேற்சொன்ன செலவுமிக்க யந்திரத்தை ஏற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கேரெக்ஸ் பூவைக் கையிலேந்திக் காண ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி வேண்டும். வண்ண இதழும் மணமும் தேனும் இல்லாத அப்பூவுக்குக் காற்றே தூதன். பல வகைகளில் கதிரின் நுனியில் ஆண் பூக்களும், சற்றுத் தாழப் பெண் பூக்களும் நிற்கும். பெண் பூ ஒவ்வொன்றையும், நுனியில் மட்டும் திறப்புள்ள ஒரு சிறு பை முழுவதும் மூடியிருக்கிறது. அத்திறப்பின் வழியே சூல்முடி வெளியே நீண்டு மகரந்தத்தை ஏற்கிறது. இந்தப் பையின் வடிவத்தைக் கொண்டுதான் தாவர சாஸ்திரிகள் ஒரு வகையிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிகிறார்கள். நீர்க்கரை வகைகளில் பை காற்றடைத்து மிதக்கிறது. காட்டு வகைகள் சிலவற்றின் விதையிலோ கொழுப்புச் சத்துள்ள ஒரு நுனி ஒட்டியிருக்க, எறும்புகள் அதை உணவாகக் கருதி இழுத்துச் சென்று விதைப்புத் தொழிலை இலவசமாக முடித்துவைக்கின்றன. காற்று வலிமையாக வீசாத காட்டுத் தரையில் இது எத்துணைச் சாமர்த்தியமான ஏற்பாடு! இத்தகைய நுட்பங்களில் உள்ளம் பறிகொடுத்த பிரான்ஸிஸ் பூட் என்னும் வைத்தியர், லண்டனில் வாழ்ந்துகொண்டு, கேரெக்ஸ் வகைகளைச் சித்திரங்களுடன் விளக்கும் பெருநூலை 1858 முதல் வெளியிட்டுவந்தார். ஜப்பானுக்குச் சென்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் குழுவில் விவசாய நிபுணராக இருந்த ஜேம்ஸ் மாரோவின் பெயரால் ‘கேரெக்ஸ் மாரோவி’ என்னும் வகை விளங்குகிறது. வெள்ளை ஓரமிட்ட அதன் பசுமை மாறா இலைகள் இன்று உலகெங்கும் நிழல்தோட்டங்களுக்கு அணி செய்கின்றன.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஓக் மரக் காடுகளின் உலர்ந்த தரையில், கேரெக்ஸ் பென்சில்வானிகா என்னும் வகை பாய் விரித்தாற்போலப் பரவியிருக்கிறது. ஒரு சாண் உயரமே வளர்ந்து வளைந்து சாயும் அதன் மெல்லிய இலை மூன்று மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். மண்ணுக்குள் மெல்ல ஊர்ந்து செல்லும் மட்டத்தண்டுகளால் அது ஆண்டுக்குச் சிறிதளவே விரிகிறது. இலையுதிர் மரங்களின் அடியில் வாழும் இதற்கு ஒரு நல்ல காலம் உண்டு. பனி உருகிய பின்னும் மரங்கள் தளிர்க்குமுன்னும் உள்ள சில வாரங்களில் தரையில் தடையற்ற ஒளி விழுகிறது. குளிரிலும் இயங்கவல்ல இக்கோரை அப்போதே துளிர்த்து, மலர்ந்து, ஆண்டு முழுவதற்கும் வேண்டிய சேமிப்பில் பெரும்பகுதியைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஆகவே, இலையுதிர் மரத்தின் நிழலும் பசுமை மாறா மரத்தின் நிழலும் கோடையில் ஒன்றெனத் தோன்றினாலும், தாவரத்துக்கு அவை இரு வேறு நிழல்கள் ஆகும். டெலவேர் மாகாணத்திலுள்ள மவுண்ட் கியூபா தோட்டத்தார் 70 கேரெக்ஸ் வகைகளைச் சில ஆண்டுகள் வெயிலிலும் நிழலிலும் வளர்த்து ஒப்பிட்டதோடு, அவற்றைப் புல்தரைபோலக் கத்தரித்தும் பார்த்தார்கள். முதலிடம் பெற்றது கேரெக்ஸ் வூடியை என்னும் காட்டு வகை. அதுவரை தோட்டங்களில் அதை வளர்த்தவர் வெகு சிலரே.

அழகினால் பெயர்பெற்ற நிழற்புல் ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், ஜப்பானிய ஹக்கோனே புல்லைத்தான் சொல்ல வேண்டும். டோக்கியோவுக்குத் தென்மேற்கேயுள்ள ஹக்கோனே மலையின் பெயரைத் தாங்கிய இது, தன் இனத்தில் தான் ஒன்றே வகையாக நிற்பது. பசிபிக் கடலை நோக்கிய மலைச்சரிவுகளில், ஈரம் கசியும் பாறை இடுக்குகளில் இயற்கையாக வளர்கிறது. ஒரு முழ உயரமுள்ள அதன் தாள்கள் யாவும் ஒரே திசையில் சாய்ந்து, இலைமேல் இலையாக வழிந்து, சிறு காற்றுக்கும் நெளிகின்றன. அதன் இலையொன்றை அடியோடு பிடித்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். இலையுறையிலிருந்து புறப்படும் இடத்தில் இலை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு, அடிப்பக்கம் மேலாகவும் மேற்பக்கம் கீழாகவும் திரும்பியிருக்கும். நாம் ரசிக்கும் அந்தப் பளபளப்பு உண்மையில் இலையின் முதுகு. அமெரிக்கக் கண்டத்து மழைக்காடுகளில் வாழும் ஃபாரஸ் என்னும் பழைய நிழற்புல்லிலும் இதே திருப்பம் உண்டு. ஹக்கோனே புல்லில் பொன்னிறக் கோடுகளுடைய ‘அவ்ரியோலா’ என்னும் வகையை, பல்லாண்டுச் செடிகளுக்கான அமெரிக்கச் சங்கம் 2009-ஆம் ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது. பொன்னிறப் பகுதியில் பச்சையம் குறைவு. ஆகையால் கடும் வெயிலில் அது வெளிறித் தீய்கிறது. கடும் நிழலிலோ பொன்னிறம் மங்கி இளம்பச்சையாகிறது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கலந்த இடத்தில்தான் அதன் வர்ணம் முழுப் பொலிவு பெறும். பச்சையம் குறைந்த செடி மெதுவாகத்தான் வளரும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மரத்தடியில் நட்டது பட்டுப்போனால் பழி முழுவதையும் நிழலின்மேல் போட்டுவிடுகிறோம். அது நியாயமன்று என்பதை ஜெர்மனியில் ஃப்ரிக்கே என்னும் வனநூல் அறிஞர் 1904-லேயே எடுத்துக்காட்டினார். பெரிய பைன் மரங்களின் கீழ் நலிந்து நின்ற இளங்கன்றுகளைச் சுற்றிக் குழி தோண்டி, பெருமரங்களின் வேர்களை மட்டும் அவர் துண்டித்தார். கிளைகள் எதுவும் கழிக்கப்படவில்லை. நிழல் முன்போலவே இருந்தது. ஆயினும் கன்றுகள் புத்துயிர் பெற்று வளர்ந்தன. மேலே ஒளியைத் தடுக்கும் மரம், கீழே நீரையும் உணவையும் உறிஞ்சுகிறது. பெய்யும் மழையிலும் ஒரு பகுதியை இலைகளிலேயே தாங்கி ஆவியாக்கிவிடுகிறது. ஆதலால், மரத்தடியில் எதையேனும் நடுமுன், கையால் மண்ணைச் சற்றே கிளறிப் பார்ப்பது நலம். மண் வேர்ப்பின்னலாகவும் புழுதியாகவும் இருந்தால், அங்கே ஈரம் விரும்பும் ஹக்கோனே புல் நிலைக்காது. பென்சில்வேனியக் கோரை போன்ற வறண்ட நிழலுக்குரிய வகைகளையே நாட வேண்டும்.

நடும் முறையிலும் மரத்தின் உரிமையை மதிக்க வேண்டும். மரத்தின் உணவுவேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒரு முழ ஆழத்துக்குள் பரவியிருப்பதால், பாத்தியாகக் கொத்திவிடுவது மரத்துக்கும் தீங்கு. மேலே கனமாக மண் கொட்டி மூடுவதோ வேர்களை மூச்சுத்திணற வைக்கும். பருத்த வேர்களை விலக்கி, இடைவெளிகளில் சிறு குழிகள் பறித்து, கைப்பிடியளவுள்ள நாற்றுகளை நடுவதே உத்தமம். பெரிய தொட்டிச் செடிகளைவிட இவை எளிதில் வேர்பற்றும். கேரெக்ஸ் விதைகள் பலவற்றுக்கு முளைப்பதற்குமுன் குளிர்காலம் ஒன்று கழிய வேண்டும். ஆகவே பெரும்பாலோர் தூர் பிரித்து நடுவதையே விரும்புகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நீர் தவறாமல் கிடைக்க வேண்டும். பின்னர் அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். உரத்தைப் பொறுத்தவரை, கை எவ்வளவு தயங்குகிறதோ அவ்வளவு நல்லது. தழைச்சத்து மிகுந்தால், ஒளி வரவு உயராமலே இலைச்செலவு பெருகி, தண்டு துவண்டு, நோய்க்கும் இடமாகும். மக்கிய இலைகளை ஆண்டுக்கொருமுறை மெல்லிதாகத் தூவினால் போதுமானது. கத்தரிப்பிலும் இதே நியதிதான்: வெட்டியெறியும் ஒவ்வோர் இலையும், வரவுக்கு வழி குறைந்த செடியின் சம்பாத்தியக் கருவி. நிழலில் புல்தரையே வேண்டும் என்பவர்கள் கத்தரி யந்திரத்தை உயர்த்தி, மூன்று நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் விட வேண்டும். அகன்ற சருகுகள் குவிந்து குட்டைக் கோரைகளை மூடிவிடாமல் வாரிவிடுவதும் அவசியம்.

இவையெல்லாம் குளிர்நாட்டுச் செடிகள் ஆயிற்றே, தமிழகத்து வாசகருக்கு இவற்றால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி எழலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள சோலைக்காடுகளின் விளிம்பில் கேரெக்ஸ் வகைகள் இயற்கையாகவே வாழ்கின்றன; குங்குமச் சிவப்பான காய்க்கொத்துகளைத் தாங்கும் கேரெக்ஸ் பேக்கன்ஸ் அவற்றுள் கண்ணைக் கவர்வது. உதகையிலும் கொடைக்கானலிலும் தோட்டம் வைத்திருப்போர் அந்நிய வகைகளைத் தேடுமுன் இதன் எழிலைக் கவனிப்பது தகும். சமவெளியின் வெப்பத்தில் ஹக்கோனே புல்லை வருத்தி வளர்க்க முயல்வது வீண். அங்கே மரத்தடித் தரைக்குக் கம்பளப்புல் ஏற்றது. தொங்குதொட்டிக்கு, வெண்கோடிட்ட ஓப்ளிஸ்மெனஸ் புல் அழகு தரும். நம் காட்டு நிழல்களிலும் வாழும் இவ்வினத்தின் மணிகளின் கூர்நுனிகள் பிசுபிசுப்புடையவை. வழிச்செல்லும் விலங்கின் ரோமத்திலும் மனிதரின் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறுகின்றன. வீட்டின் கிணற்றடியிலும் முற்றத்து மூலையிலும் பலர் வளர்க்கும் குடைக்கோரை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் உச்சி இலைவட்டத்தைச் சிறிது தண்டோடு அறுத்து, தலைகீழாக நீரில் வைத்தால் சில வாரங்களில் வேரும் தளிரும் விடும். இக்கோரைக்கும், எகிப்தியர் எழுதுதாள் செய்த நைல் நதிப் பாப்பிரஸுக்கும் இனம் ஒன்றே. ஆனால் பாப்பிரஸ் முன்னே கூறிய யந்திரத்தை உடையது, வெயிலைக் கோருவது. குடைக்கோரை அதனை உடையதன்று, நிழலிலும் சுகமாக வாழ்வது. ஓரினத்தின் பெயரைக் கொண்டு மட்டும் செடியின் சுபாவத்தை முடிவு செய்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிழலைத் தாங்கும் திறமே சில வேளை ஆபத்தாகவும் முடியும் என்பதையும் மறைக்கலாகாது. மைக்ரோஸ்டீஜியம் என்னும் ஆசியப் புல், 1919-இல் அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்து நாக்ஸ்வில் நகரில் முதன்முதலாகக் காணப்பட்டது. பீங்கான் பாத்திரங்களைப் பொதிந்து அனுப்ப உபயோகித்த உலர்புல்லோடு அது வந்திருக்கலாம் என்பது அபிப்பிராயம். வெயிலுக்குரிய யந்திரம் உடையதாயிருந்தும், விந்தையாக ஆழ்ந்த நிழலிலும் வளர்ந்து விதைக்கவல்ல அப்புல், இன்று அந்நாட்டின் கிழக்குக் காடுகளின் தரையை மூடி, உள்நாட்டுச் செடிகளின் கன்றுகளை எழவிடாமல் செய்கிறது. கானகத்தை ஒட்டிய தோட்டத்தில் அந்நியப் புல்லொன்றை நடுவோர், அது விதையால் பரவுமா, தூராக நின்ற இடத்திலேயே நிற்குமா என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும்.

நிழல்தோட்டக் கலையில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, வெயில் செடியின் தேவைகளை நிழல் செடியின்மேல் சுமத்துவதிலிருந்து பிறப்பவை. அதிக உரம், அடிக்கடி கத்தரிப்பு, விரைவான வளர்ச்சி, ஒரு பருவத்திலேயே தரை முழுவதும் மூடவேண்டும் என்ற அவசரம் ஆகியவை யாவும், செலவைச் சுருக்கி வாழும் ஒரு ஜீவனைச் செலவாளியாக்கும் முயற்சிகளே. மரம் அளிக்கும் ஒளி எவ்வளவு, நீர் எவ்வளவு என்று ஓராண்டு பொறுமையாகக் கவனித்து, அந்த வருமானத்துக்குள் குடித்தனம் நடத்தக்கூடிய வகையைத் தேர்ந்து நட்டுவிட்டால், பிறகு தோட்டக்காரருக்கு அங்கே வேலை மிகச் சொற்பம். மரத்தை வெட்ட வேண்டியதுமில்லை. தரையைச் சிமெண்டால் மூட வேண்டியதுமில்லை.